அம்மா கேட்ட காகிதம்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய சாய்வு நாற்காலி கிடக்கிறது. காலை வேளைகளில் அம்மா அதில்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 31 வருடம் நிரை நிரையாக நடந்து பால்மரம் வெட்டிய கால் அது. அந்தக் காலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெள்ளை வேனும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

2009ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. ஏதோ ஆராய்ச்சி என்றார்கள். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, லயத்து ஜனங்களை வரிசையில் நிற்க வைத்து இரத்தம் எடுத்தார்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலமும் ஒரு துண்டும் கொடுத்தார்கள். மாலையில் வேன் போய்விட்டது. அவ்வளவுதான். இரத்தத்தில் என்ன இருந்தது என்று எவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. வந்தவர்கள் எந்த நிலையத்தார் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

2013ஆம் ஆண்டு அம்மாவின் கால் விரலில் ஒரு சிறு புண் வந்தது. பூட்ஸ் கடித்ததாக நினைத்து மஞ்சள் வைத்துக் கட்டினார். புண் ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை வருஷமா இனிப்புநீர்?” என்பதுதான். எங்களுக்கு என்ன தெரியும்? அன்றைக்குத்தான் அந்தச் சொல்லே எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

வீடு திரும்பியதும் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “அன்னிக்கு ரத்தம் எடுத்தாங்களே தம்பி, அதுல இது தெரிஞ்சிருக்குமா?”

நான் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவன். ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவன். அம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வாசகர்களே, இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018ஆம் ஆண்டு இன்னொரு குழு எங்கள் தோட்டத்துக்கு வந்தது. இவர்களுக்கும் எங்கள் இரத்தம் வேண்டும். அதை வாங்கித் தருவதற்கு நான் வேண்டும். தலைமையாசிரியர் என்னை அழைத்து, “உங்களைத்தான் லயத்து ஜனங்கள் நம்புவார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சொல்ல விரும்பவில்லை.

குழுவின் தலைவி ஒரு டாக்டரம்மா. வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். அவருடன் உணவுத் துறைக்காரர் ஒருவர், சமூக இயல் படித்த ஓர் இளம் பெண், கணக்குப் பார்க்கும் புள்ளிவிவரக்காரர் ஒருவர், தாதிகள் இருவர். இனிப்புநீரைப் பற்றிய ஆராய்ச்சி. எங்கள் தோட்டத்து லயம், பக்கத்து மலாய்க் கம்பம், மலையடிவாரத்துத் தெமுவான் பூர்வகுடிக் கிராமம் ஆகிய மூன்று இடங்களில் செய்யப் போவதாகச் சொன்னார்கள்.

நான் அம்மாவின் கதையைச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், “அது நாங்கள் இல்லை, வாத்தியாரே. ஆனால் எங்களைப் போன்றவர்கள்தான். உங்கள் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்” என்றார். சொன்னபடியே எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் எதிரில் ஒரு மணை மீது உட்கார்ந்து கேட்டார்.

அம்மாவோ மன்னிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. “இந்தத் தடவை காகிதம் வருமா? தமிழ்ல வருமா?” என்றார்.

“இரண்டு வாரத்தில் வரும்மா. தமிழில் வரும்.”

அம்மா என் பக்கம் திரும்பி, “அப்ப நீ போய்ச் சொல்லு” என்றார். இப்படித்தான் நான் அந்த வேலையில் இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் இன்னொரு விஷயம் புரிந்தது. ஆராய்ச்சி என்றால் படித்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மனதாகச் செய்கிற காரியம் என்று நான் எண்ணியிருந்தேன். முதல் கூட்டம் எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நடந்தது. அரை மணி நேரத்தில் அங்கே ஒரு சண்டை! டாக்டரம்மாவுக்கு வெறும் வயிற்று இரத்தம் வேண்டும். உணவுத் துறைக்காரர், ஒவ்வொருவரும் ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று மணிக்கணக்கில் கேட்க வேண்டும் என்றார். சமூக இயல் பெண்ணுக்குக் கேள்வித் தாளே பிடிக்கவில்லை. வீடு வீடாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். புள்ளிவிவரக்காரரோ, மூன்று ஊரிலும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஓர் எழுத்தும் மாறக்கூடாது, மாறினால் கணக்கு நிற்காது என்றார்.

பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுகிறவனுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. தமிழாசிரியருக்கு இன்னும் இரண்டு பாடவேளை வேண்டும். கணித ஆசிரியருக்கு மூன்று வேண்டும். விளையாட்டு ஆசிரியர் வெயில் ஏறுமுன் திடல் வேண்டும் என்பார். எல்லாரும் சொல்வது நியாயந்தான். ஆனால் பிள்ளைக்கு ஒரு நாளில் இருப்பது அத்தனை மணி நேரந்தான். அட்டவணை போடுகிறவன் பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது அமையும்.

நான் அதையே சொன்னேன். “நீங்கள் நாலு பேரும் கேட்பது ஒரே ஆளிடம். அந்த ஆள் காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்குப் பிரட்டுக்கு வந்து, ஆறு மணிக்கு மரத்தடியில் நிற்கிறவர். அவரிடம் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது மொத்தம் எவ்வளவு நேரம் என்று முதலில் பாருங்கள்.”

அன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டேன். யார், எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார், எந்தத் தேதிக்குள். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. “இரண்டு வாரத்தில் தமிழில் காகிதம் — டாக்டரம்மா” என்பதுதான் முதல் வரி. பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு ஆரம்பத்தில் இது சிரிப்பாக இருந்தது. பிறகு அந்த நோட்டை அவர்களே தேட ஆரம்பித்தார்கள். யாருடைய வாக்கும் காற்றோடு போகவில்லை.

வெறும் வயிற்று இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்கு மண்டபத்தில் எடுக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தார்கள். ஆறு மணிக்கே வெட்டுக்குப் போகிறவர் ஒன்பது வரை பட்டினி கிடப்பாரா? பாலை விட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் யார் கொடுப்பது? கடைசியில் குழுதான் மாறிக்கொண்டது. முதல் நாள் இரவே வந்து பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்து, விடிகாலையில் பிரட்டுக் களத்திலேயே விளக்கு வைத்து மேசை போடுவது என்று முடிவாயிற்று. மண்டோரும் சம்மதித்தார். நோட்டில் ஏறியது.

அந்தக் கூட்டங்களில் ஒரு மாலை, உணவுத் துறைக்காரர் ஒரு பழைய கதை சொன்னார். எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தோடு சம்பந்தப்பட்ட கதை. பிறகு நானும் அதைத் தேடிப் படித்தேன். நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பதால் இங்கே சொல்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப் போகும், நடக்க முடியாது, கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே அதிகம் மடிந்தார்கள். 1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டதற்கு இந்நோயும் ஒரு காரணம். அதன் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட், இது ஒரு கிருமியால் தொற்றுகிற நோய் என்று நம்பினார்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். சீனர்கள் வெளியிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசியைச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு நோய் வந்தது. மலாய்க் கிராமத்தார் தங்கள் நெல்லைத் தாங்களே குத்திச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் வரவில்லை. ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மழை. வேறுபாடு சோற்றுப் பானையில் இருந்தது!

கோலாலம்பூரில் பிளெச்சர் என்ற மருத்துவர் 1905ஆம் ஆண்டு இறுதியில் இதைச் சோதித்தார். மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். ஒற்றைப்படைக்காரர் ஒரு பக்கம், இரட்டைப்படைக்காரர் மறு பக்கம். ஒரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி, மற்றதற்கு வெள்ளை அரிசி. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை.

பிறகு 1907ஆம் ஆண்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ஜெலுபு வட்டாரத்தில் டுரியான் தீப்புஸ் என்னுமிடத்துக்கு வந்தார்கள். காட்டுக்குள் ரோடு போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். முன்பு மனிதர் குடியிராத காடு என்பதால், பழைய வீட்டிலிருந்து கிருமி ஒட்டியது என்று யாரும் சொல்ல முடியாது. சுமார் மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது அங்கே நின்றது. மற்றப் பிரிவில் தோன்றியது. அரிசியைத் தீட்டும்போது கழிகிற தவிட்டில்தான் உயிர் காக்கும் சத்து இருக்கிறது என்று அவர்கள் மேலும் ஆராய்ந்து காட்டினார்கள். பக்கத்து ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் அதற்கு முன்பே கோழிகளை வைத்து இதே திசையில் ஆராய்ந்திருந்தார். அவருக்கு 1929ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை.

நம் பாட்டனும் பாட்டியும் வைட்டமின் தெரிந்து புழுங்கல் அரிசி சாப்பிடவில்லை. பழக்கம், அவ்வளவுதான். ஆனால் மூன்று இனத்தாரின் அடுப்பங்கரையையும் ஒரு மருத்துவர் எட்டிப் பார்த்ததால் அந்தப் பழக்கம் உலகத்துக்கே பாடமாயிற்று. ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளேயே கிருமியைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

உணவுத் துறைக்காரர் கதையை முடித்ததும் எல்லாரும் மகிழ்ந்தார்கள். சமூக இயல் பெண் மட்டும், “அந்தப் 18 பேரிடம் யாராவது கேட்டார்களா?” என்றார்.

சிற்றுண்டிச்சாலையில் பேச்சு நின்றது. மனநோய் விடுதியில் இருந்தவர்களிடம் யார் கேட்டிருப்பார்கள்? ரோடு வெட்ட வந்த கூலிகளிடந்தான் யார் கேட்டிருப்பார்கள்? சட்டியில் போட்ட சோற்றைச் சாப்பிட்டார்கள். கண்டுபிடித்தவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. சாப்பிட்டுச் செத்தவர்களின் பெயர் இல்லை. பல லட்சம் உயிர்களைக் காத்த உண்மைதான் அது, மறுக்க முடியாது. இருந்தாலும் அதற்கு விலை கொடுத்தவர்களுக்கு, தாங்கள் விலை கொடுக்கிறோம் என்பதே தெரியாது. எனக்கு 2009ஆம் ஆண்டு கோயில் மண்டபம் ஞாபகம் வந்தது.

இன்று சட்டதிட்டங்கள் மாறியிருக்கின்றன. மனிதரை வைத்து ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் ஒரு நெறிக் குழுவின் அனுமதி வேண்டும். ஒவ்வொருவருடைய சம்மதமும் வேண்டும். சம்மதித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஆனால் தெரியாத மொழியில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினால், அது கையெழுத்துத்தான். சம்மதம் என்று சொல்ல முடியுமா? நாங்கள் அந்தத் தாளைத் தமிழில் எழுத உட்கார்ந்தோம். முதலில் வந்த மொழிபெயர்ப்பு எனக்கே விளங்கவில்லை. லயத்தில் நாலு பேரிடம் படித்துக் காட்டி, அவர்கள் திருப்பிச் சொன்னதைக் கேட்டுத் திருத்தி, ஐந்தாவது தடவைதான் அது தாளாயிற்று.

இனி தேத்தண்ணிக் கதைக்கு வருகிறேன்.

கேள்வித் தாளில் காலை உணவு, பகல் உணவு, இரவு உணவு என்று மூன்று கட்டம் இருந்தது. லயத்துக் கோடி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். எழுபது தாண்டியவர். வாயாடி என்று பெயர். மாதிரிக்கு அவரிடம் கேட்டுப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “ஏம்ப்பா, தேத்தண்ணியக் கேக்கவே இல்லையே?” என்றார்.

“காலையில் குடிக்கிற தேத்தண்ணிதானே பாட்டி? அது காலை உணவில் வந்துவிடும்.”

“அது வீட்டுல குடிக்கிறது. நான் வெட்டுல குடிக்கிறதச் சொல்றேன். பிளாஸ்குல ஊத்திக்கிட்டுப் போவோம்ல? பாதி நிரை முடிஞ்சா ஒரு மூடி, பாலு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மூடி, ஸ்டோர்ல நிறுவைக்கு நிக்கறப்ப ஒரு மூடி. டின் பால் ஊத்தி, சீனி போட்டு. அது இல்லாட்டி கால் நடக்காதே!”

உணவுத் துறைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய கேள்வித் தாள் ஊரில் மூன்று வேளை மேசையில் சாப்பிடுகிறவர்களுக்காக எழுதியது. மரத்தடியில் குடிக்கிறது எந்த வேளையிலும் சேராது. ஒவ்வொரு பிளாஸ்கிலும் எவ்வளவு சீனி என்று பிறகு கரண்டியால் அளந்து பார்த்து அவர் அசந்துபோனார்.

இப்போது புள்ளிவிவரக்காரரின் முறை. “கேள்வியை மாற்றக்கூடாது என்றேனே” என்று தொடங்கினார். பிறகு தாமே யோசித்து, மூன்று ஊருக்கும் ஒரு புதிய கேள்வியைச் சேர்க்கலாம் என்றார். ‘உணவு வேளைக்கு நடுவில், வேலையிடத்தில் என்ன குடிக்கிறீர்கள்?’ மலாய்க் கம்பத்திலும் பூர்வகுடிக் கிராமத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில்கள் குவிந்தன. கிராமத்துக் கடையில் கிடைக்கும் இனிப்புப் பானங்களைப் பற்றி அதுவரை எவரும் கேட்டதில்லையாம். மூன்று ஊருக்கும் பயன்பட்ட ஒரு கேள்வி, பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பாட்டியிடமிருந்து வந்தது.

பூர்வகுடிக் கிராமத்தில் நாங்கள் வேறொரு பாடம் படித்தோம். அங்கே தலைவரைப் பத்தின் என்பார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கிராமத்தில் பேச வேண்டும். பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்றார். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. குழுவில் சிலருக்குப் பொறுமை போய்விட்டது. பணம் இத்தனை மாதத்துக்குத்தான், இந்த இடத்தை விட்டுவிடலாம் என்றார்கள். டாக்டரம்மா மட்டும், “அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே. நாம் காத்திருப்பதைத்தான் பார்க்கிறார்” என்றார். மூன்றாவது வாரம் பத்தின் ஆள் அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை: எடுத்த இரத்தத்தைச் சொன்ன சோதனைக்குத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக்கூடாது; மிச்சத்தை அழித்துவிட வேண்டும். நான் அதை நோட்டில் எழுதினேன். எங்கள் லயத்துக்கும் அந்த நிபந்தனை வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். எங்களுக்கு அது தோன்றவே இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

இரத்தம் எடுக்கும் நாள் வந்தது. விடிகாலை ஐந்து மணி. பிரட்டுக் களத்தில் மேசை, விளக்கு, வெள்ளைத் துணி. ஜனங்கள் கூடினார்கள், ஆனால் மேசைக்குப் பத்தடி தள்ளியே நின்றார்கள். “ரத்தத்த வெளிநாட்டுக்கு விக்கிறாங்களாம்” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. நான் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் தம்பி மகன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். நான் வரச் சொல்லவில்லை. அம்மா நேரே மேசைக்குப் போய்க் கையை நீட்டினார்.

தாதி தயங்கினாள். “பாட்டி, உங்களுக்கு ஏற்கெனவே இனிப்புநீர் இருக்கே. இந்த ஆராய்ச்சி…”

“தெரியும்மா. காகிதம் வருதான்னு பார்க்கத்தான் வந்தேன்” என்றார் அம்மா.

அவருக்குப் பின்னால் கோடி வீட்டுப் பாட்டி வந்து நின்றார். அப்புறம் வரிசை தானாக நீண்டது. வங்காள தேசத்துத் தொழிலாளர்கள் ஒதுங்கி நின்றார்கள். சமூக இயல் பெண் அவர்களில் தமிழும் மலாயும் பேசக்கூடிய ஒருவரைப் பிடித்து, விளக்கிச் சொல்ல வைத்தார். அவர்களில் பாதிப் பேர் வந்தார்கள். பாதிப் பேர் வரவில்லை. வேலை பெர்மிட்டுக்கு ஆபத்து வருமோ என்ற பயம் அவர்களுக்கு. வராதவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. அதுவும் நோட்டில் எழுதிய வாக்குத்தான்.

பன்னிரண்டாம் நாள் காகிதங்கள் வந்தன. இரண்டு வாரத்துக்கு இரண்டு நாள் மீதி இருந்தது. ஒவ்வொன்றிலும் பெயர், அளவு, அந்த அளவுக்கு என்ன பொருள் என்று தமிழில் இரண்டு வரி. வெறும் வயிற்றில் 7 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு, எந்தக் கிளினிக்குக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று தேதியும் குறித்திருந்தது. டாக்டரம்மாவே அரசாங்கக் கிளினிக்கில் பேசி, வேலை முடிந்து பிற்பகலில் வந்தாலும் பார்ப்பதாக ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துத்தான் கொடுத்தோம். ஒருவருடைய நோய் அடுத்த வீட்டுக்கு வம்பாகக் கூடாதல்லவா?

எங்கள் லயத்தில் நோய் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் சிலர் அன்று தெரிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் என்னோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவர். இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு காலாலும் நடந்து வேலைக்குப் போகிறார். இன்னொருவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், கிளினிக்குக்குப் போகவே இல்லை. எத்தனை தடவை சொல்லியும் போகவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். கடைசிக் கூட்டத்துக்கு ஆட்களும் குறைவாகத்தான் வந்தார்கள். அன்று பலத்த மழை வேறு.

எங்கள் தோட்டத்துக் கதை எங்களோடு முடிகிற கதையும் அல்ல. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுதும் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. அம்மாவைப் போல எத்தனை பேர் புண்ணுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ! அதனால் இத்தகைய ஆராய்ச்சிகள் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டால் நமக்குத்தான் நட்டம். புழுங்கல் அரிசி நம் பாட்டனாரைப் பெரிபெரியிலிருந்து காத்தது. இன்றைய நோய்க்கு அந்தப் பழக்கம் மட்டும் போதாது. என்ன போதும் என்று தேடித்தான் ஆக வேண்டும். அந்தத் தேடலில் டாக்டருக்குத் தெரிந்தது ஒரு பங்கு. கணக்குக்காரருக்குத் தெரிந்தது ஒரு பங்கு. பிளாஸ்கில் என்ன இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும்.

ஆகவே வாசகர்களே, உங்கள் லயத்துக்கோ வீடமைப்புப் பகுதிக்கோ நாளை ஒரு வேன் வந்தால் விரட்டாதீர்கள். ஆனால் கேளுங்கள். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேளுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தாளைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிவு எனக்கு எப்போது வரும், யார் கொண்டுவந்து தருவார் என்று கேட்டு, அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் போங்கள். அது எங்கள் வேலை.

அம்மாவுக்கு வந்த காகிதத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. மருந்து சாப்பிடுகிறவர் என்பதால் அளவு ஓரளவு கட்டுக்குள் இருப்பதாக எழுதியிருந்தது. எங்கள் தோட்டத்துப் பள்ளியில் அந்தக் காலத்தில் படித்த எழுத்துகளை வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு அம்மா அதை முழுவதும் படித்தார். பிறகு பிறப்புச் சூரையும் ஐ.சி.யையும் வைத்திருக்கும் தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதற்குள் வைத்து மூடினார்.

அந்தப் பெட்டியில் ஒரு காகிதத்துக்கு இடம் 2009ஆம் ஆண்டிலிருந்தே காலியாக இருந்தது.